மாடிப்படி ஏறிய வாக்கியம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறைத் தொட்டியின் மிதவை வால்வை மாற்றியது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வரும்போது பிடித்து வைக்க வேண்டும். மிதவை ஒட்டிக்கொண்டால் தொட்டி வழிந்து கீழ்வீட்டின் கூரை ஊறிப்போகும். நான் ஸ்பானரைப் பிடித்தேன். அம்மா குழாயை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"ரொம்ப இறுக்காதடி, உடைஞ்சிடும்."

"இறுக்கலேன்னா ஒழுகும் யெம்மா."

"உங்கப்பாவும் இப்படித்தான். உடையற வரைக்கும் இறுக்குவார். அப்புறம் ‘சாமான் சரியில்ல’ம்பார்."

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு தட்டு.

அம்மாவின் கை குழாயை விட்டது. தண்ணீர் எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. அவள் குழாயைத் திரும்பப் பிடிக்கவில்லை. அந்த ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மறுபடி இரண்டு தட்டு. பிறகு படியிறங்கும் சத்தம். கீழே ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்ட பிறகுதான் அம்மா கையை எடுத்தாள்.

"போலீஸ் இல்ல," என்றாள். "போலீஸ் இப்படித் தட்ட மாட்டாங்க."

"கீழ்வீட்டு ஹதீல்தான் யெம்மா, வேற யாரு?"

"தெரியும். அதான் தொறக்கல."

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பிற்பகல் அம்மா இறந்துபோனாள்.

அம்மாவின் பெயர் ஸுலீகா. ஊரைச் சொல்லப் போவதில்லை. அல்ஜியர்ஸிலிருந்து தெற்கே மலையேறினால் காற்று ஓயாத சில ஊர்கள் வரும், அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், அம்மாவின் பெயரைத் தவிர. அவளுக்கு இனி ஒன்றும் ஆகாது.

மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவள் படித்த காலத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் இருந்தார்கள். ஏன் ஆங்கிலம் எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச பாஷையில தப்பு பண்ணினா எல்லாரும் சிரிப்பாங்க. இதுல தப்பு பண்ணினா யாருக்குத் தெரியும்?" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அம்மா பயந்தவள். அதைக் குறையாக எழுதவில்லை. தொண்ணூறுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, பள்ளிக்கூடம் போகாதே என்று ஆயுதக் குழுக்கள் கதவுக்கடியில் சீட்டு செருகிவிட்டுப் போன உள்நாட்டுப் போர்க் காலம். எங்கள் சாலையிலேயே ஓர் ஆசிரியையைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் வேறு நேரத்துப் பேருந்தில் போனாள். பக்கத்து வீட்டுக்காரியின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். விடைத்தாள் கட்டைத் துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே உருளைக்கிழங்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். தைரியமாகப் போனாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பயந்துகொண்டே போனாள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுப்பாள். பிறகு சமைப்பாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. பண்பைச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் ஒரு வினை வந்து மாட்டிக்கொள்ளும் இடம். "அந்த பாஷைல ‘தயார்’னு மட்டும் சொன்னா யாருக்கும் போதாது. எதுக்குத் தயார்? கிளம்பத் தயார். ‘பயம்’னா, என்ன செய்யப் பயம்? கேக்கப் பயம். ‘டு’ன்னு ஒரு கொக்கி போட்டு, பின்னாலேயே வினையை இழுத்துக்கிட்டு வந்துடும்," என்பாள். அந்த வினைக்குப் பின்னால் இன்னொரு சொல் வந்து உட்காரும்: எங்கே, எப்படி, எப்போது. சத்தமாக. மேலே. உடனே. முன்னாலும் ஒன்று வரும்: கொஞ்சம், முழுக்க, அளவுக்கு மீறி. நான் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு அது இணைப்புப் பெட்டி மாதிரி தெரிந்தது. எந்தக் கம்பி எந்த முனையில் என்பது மாறினால் லைன் வராது. அதைச் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள். வகுப்பிலும் சொன்னாளாம்.

‘டூ’ என்கிற சின்னச் சொல்லைப் பற்றி அவள் எச்சரிப்பாள். அளவுக்கு மீறி என்று பொருள். "அது முன்னால வந்துட்டா பின்னால இருக்கற காரியம் நடக்காது. ‘இல்ல’ன்னு எங்கேயும் எழுதியிருக்க மாட்டாங்க. நீங்களா தெரிஞ்சுக்கணும். ‘பேச ரொம்பப் பயம்’னா, அவ பேசல. முடிஞ்சுது கதை."

எடுத்துக்காட்டு வாக்கியங்களை அவள் புத்தகத்திலிருந்து எடுக்கமாட்டாள். வீட்டிலிருந்து எடுப்பாள். எங்கள் ஜாடியின் மூடி திறக்கக் கடினமானது. ஹஸீபா எழுந்திருக்க மெதுவானவள், சாப்பிட வேகமானவள். ஹஸீபா நான்தான். என் வகுப்புத் தோழிகள் எங்கள் வீட்டுச் சங்கதி முழுவதையும் இலக்கணப் பாடத்தில் படித்துவிட்டு வருவார்கள்.

கீழ்வீட்டில் வர்தா இருந்தாள், அவளுடைய மகள் ஹதீலோடு. வர்தாவின் கணவருக்குப் பாலைவனப் பக்கம் எண்ணெய் வயலில் வேலை. ஹதீல் அந்த வருடம் பள்ளியிறுதிப் பரீட்சை எழுத வேண்டியவள். எங்கள் நாட்டில் அந்தப் பரீட்சை பிள்ளைக்கு மட்டும் நடப்பதில்லை, கட்டடத்துக்கே நடக்கும். ஹதீல் என் அம்மாவைக் காலத்தி என்று அழைப்பாள், சித்தி என்பது போல. வாரத்தில் இரண்டு நாள் மேலே வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலம் படிப்பாள். அம்மா அதற்கு ஒன்றும் வாங்கியதில்லை. வர்தா சுட்ட ரொட்டி வரும், அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம். ஹதீல் தட்டில்லாமல் வெறும் துணியில் சுற்றி ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாதிப் படியில் துணியை உதறிவிட்டாள். ரொட்டி உருண்டு கீழே வர்தா வீட்டு வாசலுக்கே போய்விட்டது.

"ரொட்டி எங்கடி?" என்றாள் அம்மா.

"வீட்டுக்குப் போயிடுச்சு காலத்தி. கை வெந்துடுச்சு."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அன்றைய பாடத்தை அதிலிருந்தே எடுத்தாள். "ரொட்டி மிகவும் சூடாக இருந்தது. அதை மாடிக்கு எடுத்துவர முடியவில்லை. ரெண்டையும் ஒண்ணாச் சேரு." ஹதீல் நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்துச் சேர்த்தாள்: த பிரெட் வாஸ் டூ ஹாட் டு கேரி அப்ஸ்டேர்ஸ். கடைசியில் ‘மாடிக்கு’ என்ற சொல்லை அவளாகவே சரியான இடத்தில் வைத்தாள். அம்மா அவள் நெற்றியில் முத்தமிட்டாள். நான் அடுப்பருகே நின்றிருந்தேன். பார்த்தேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு அழைப்பு வந்தது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களை ஒரு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார்கள். கடைசிப் பரீட்சை முடிகிறவரை வெளியே வர முடியாது. தொலைபேசி கிடையாது. ஜன்னலில் வெள்ளைச் சாயம். உள்ளேயே சமையல்காரர், உள்ளேயே மருத்துவர், வெளியே காவல். யார் போயிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொய் சொல்லும். எங்கள் பொய், ஓரான் நகரத்தில் பெரியம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்பது. அம்மா அந்தப் பொய்யைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டேன்.

"ஐயோ. எந்தக் கண்ணு?"

"இடது."

"இடது," என்றாள். "யாராவது வலதான்னு கேட்டா?"

"யெம்மா, யாரும் கேக்க மாட்டாங்க."

"மப்ரூக் கேப்பான்."

மப்ரூக் தரைத்தளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மாடிப்படிக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்கத்தான் செய்தார். இடது என்றாள் அம்மா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அவள் முகம் வெளுத்திருந்ததை அவர் அக்காவைப் பற்றிய கவலை என்று எடுத்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததை அவள் வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது ஆங்கிலப் பரீட்சை நாளன்றே தெரிந்துவிட்டது.

அன்று எனக்கு மாலை ஷிப்ட். வீட்டில் இருந்தேன். அந்த வருடங்களில் பரீட்சை நடக்கும் நேரத்தில் நாடு முழுக்க இணையத்தை நிறுத்திவிடுவார்கள், காப்பியடிப்பதைத் தடுக்க. எங்கள் துறைக்கு நேரம் முன்கூட்டியே தெரியும். மதியத் தொழுகை அழைப்பையொட்டித் திரும்ப வரும். சாதாரண அழைப்புகள் மட்டும் வேலை செய்யும். கட்டடமே அமைதியாக இருந்தது. தாய்மார்கள் எல்லாரும் தொழுகை விரிப்பில் இருந்திருப்பார்கள்.

திடீரென்று படியில் ஓடிவரும் சத்தம்.

"ஹஸீபா! ஹஸீபா! கதவைத் தொறங்க! ரொட்டி வந்துடுச்சு!"

கீழே வர்தாவின் குரல்: "என்னடி ரொட்டி? நான் இன்னும் மாவே பிசைஞ்சு முடிக்கல!"

"அந்த ரொட்டி இல்ல யெம்மா! மாடிக்குத் தூக்கிட்டுப் போன ரொட்டி! என் ரொட்டி! கேள்வித்தாள்ல வந்துடுச்சு! காலத்தி ஸுலீகா சொல்லிக்குடுத்த அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாம!"

தரைத்தளத்திலிருந்து மப்ரூக் சிரித்தார். மாடிப்படிக் கூண்டில் குரல் நன்றாக ஏறும். "அட! ஓரானுக்குப் போன டீச்சரா? அக்கா கண்ணைப் பாத்துக்கப் போனாளா, இல்ல கேள்வித்தாளுக்கு ரொட்டி சுடப் போனாளா?"

வர்தாவும் சிரித்தாள். அவர்களுக்கு அது வேடிக்கை. நான் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தேன். கேள்வித்தாளைக் கசியவிட்டால் சிறை. எழுதிய பிள்ளைக்குப் பரீட்சை ரத்து, பிறகு சில வருடங்கள் எழுதவே முடியாது. அம்மா ஒன்றையும் கசியவிடவில்லை. அந்த வீட்டுக்குள் யாரோ ஒரு வாக்கியம் கேட்டிருப்பார்கள், களைத்துப்போயிருந்த அவள் வாயிலிருந்து, கடைசியாகச் சிரிக்க வைத்த அந்த ரொட்டி வாக்கியம் தானாக வந்திருக்கும். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஹதீலின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்! வகுப்பு குரூப்ல போட்டுட்டேன். நெட்டுதான் இல்ல."

"காட்டு."

காட்டினாள். எங்க மேல்வீட்டு ஆங்கில டீச்சர் ஸுலீகா எனக்குச் சொல்லிக்குடுத்த வாக்கியம் அப்படியே வந்துச்சு, ரொட்டி, ரொட்டி. நிறைய இதயங்கள். அடியில் சின்னக் கடிகாரப் படம். செய்தி போகவில்லை, காத்திருக்கிறது என்று அர்த்தம். இணையம் வந்த நொடியில் தானாகப் போய்விடும். நாற்பது பிள்ளைகளின் கையில். அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும்.

"இதை அழி."

"ஏன்?"

"அழி ஹதீல்."

அதற்குள் வர்தா மாவுக் கையோடு மேலே வந்துவிட்டாள். "என்ன ஆச்சு? எதுக்கு என் பொண்ணு கையை முறுக்கற?"

"போன்ல எழுதினதை அழிக்கச் சொல்றேன்."

"எதுக்கு அழிக்கணும்? அவ என்ன, யார் பேரையாவது கெடுத்தாளா? உங்கம்மாவைத்தானே புகழ்ந்திருக்கா?"

காரணத்தைச் சொல்ல முடியாது. அம்மா எங்கே இருக்கிறாள் என்று சொல்வதே குற்றம். "வர்தா, தயவுசெஞ்சு," என்றேன்.

வர்தா என்னை உற்றுப் பார்த்தாள். "ஏண்டி, உங்கம்மா கேள்வித்தாளைத் திருடிக் குடுத்தாளா என்ன?"

"இல்ல!"

"அப்புறம் ஏன் உன் உதடு நடுங்குது?"

அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அழைப்பு தொடங்கப்போகிறது. ஹதீலுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும், அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. போனைப் பார்த்தாள். திரை அணைந்து பூட்டிக்கொண்டிருந்தது. திறக்கும் கோலத்தைப் போட்டாள். அவசரத்தில் தப்பாயிற்று. மறுபடி போட்டாள். மறுபடி தப்பு. சற்றுப் பொறுக்கவும் என்றது போன்.

நான் அதைப் பிடுங்கினேன். பூட்டியிருந்தாலும் திரையின் மேலேயிருந்து அமைப்புகள் உள்ள பட்டையை இழுக்க முடியும். இழுத்து விமானப் படத்தை அழுத்தினேன். சிக்னல் கோடுகள் மறைந்தன. அழைப்பொலி ஓடிக்கொண்டிருந்தது. என் சொந்தப் போன் மேசையில் அதிர ஆரம்பித்தது, ஒன்றன்பின் ஒன்றாக. இணையம் வந்துவிட்டது.

ஹதீல் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கோலத்தைப் போட்டுத் திறந்து, கடிகாரத்தோடு நின்றிருந்த செய்தியை அழித்தாள். நான் இரண்டு முறை பார்த்தேன்.

வர்தா அம்மாவின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸுலீகா ஓரான்ல இல்ல, அப்படித்தானே?"

நான் குனிந்து ஹதீலைத் தூக்கி நிறுத்தினேன்.

"சரி. நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல," என்றாள். கையிலிருந்த மாவைக் கவுனில் துடைத்தாள். "மப்ரூக் வாயை நான் பாத்துக்கறேன். அவன் பொண்டாட்டி எனக்குச் சொல்லாத ரகசியம் கிடையாது. அவன் ஒரு வார்த்தை பேசினா, அவனைப் பத்தி நான் பத்து வார்த்தை பேசுவேன்."

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் அம்மாவை ஒரு வேனில் கொண்டுவந்து சாலை முனையில் இறக்கிவிட்டார்கள். பாவாடையை இடுப்பில் ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தாள், அவ்வளவு இளைத்துப்போயிருந்தாள். மப்ரூக், "அக்கா கண்ணு எப்படி?" என்று கேட்டார். "தெரியுது," என்றாள். வேறெதுவும் கேட்காமல் அவர் உள்ளே போய்விட்டார். வர்தா சொன்னதைச் செய்திருந்தாள்.

அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் காதருகே பேசினாள். இப்போது நினைத்தால் அது எவ்வளவு விசித்திரம். யார் கேட்கப்போகிறார்கள்?

"இலக்கணத்துக்கு ஒரு வாக்கியம் வேணும்னாங்க. எல்லாரும் களைச்சுப்போயிருந்தோம். நான் சொன்னேன். சொல்லும்போது கொழந்தை ஞாபகமே இல்ல ஹஸீபா. படுக்கையில படுத்ததும்தான் படியில ரொட்டி உருண்டது ஞாபகம் வந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு மூணு தாள் போட்டு வைப்போம், சீட்டுப் போட்டு ஒண்ணு எடுப்பாங்க. நம்ம தாள் வராதுன்னு நெனச்சேன். வந்துடுச்சு."

"அப்பவாவது?"

"எழுந்து நின்னேன். குழுத் தலைவர் என்னைப் பாத்தார். ‘என்ன ஸுலீகா, தண்ணியா?’ன்னார். ஆமான்னேன். தண்ணி குடிச்சேன். உக்காந்துட்டேன்."

அங்கிருந்த மருத்துவர் நெஞ்சுப் படபடப்புக்கு மாத்திரை கொடுத்தாராம். அவள் பையில் பாதி அட்டை இருந்தது.

போனில் நடந்ததைச் சொன்னேன். மப்ரூக்கைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"கொழந்தை அழுதாளா?"

"அழுதா."

குழாயை மூடினாள்.

அதன் பிறகு அவள் வெளியே போகவில்லை. பாலுக்கும் ரொட்டிக்கும் நான் போனேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வானொலியை நிறுத்துவாள். பின்னால் யாராவது விடைத்தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்களா, எந்தப் பிள்ளை மட்டும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் எழுதியது என்று தேடுவார்களா என்று என்னைக் கேட்பாள். லட்சக்கணக்கான தாள் யெம்மா, யாரும் தேட மாட்டார்கள் என்பேன். தலையாட்டுவாள். ஒரு மணி நேரம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்பாள். வீட்டில் வாக்கியம் செய்வதை நிறுத்திவிட்டாள். சூப்பில் உப்பு தூக்கலாகிவிட்ட ஒருநாள் நானே ஆரம்பித்தேன், "குடிக்க முடியாத அளவுக்கு..." என்று. "வேண்டாம்," என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள்.

முடிவுகள் வந்த அன்று கட்டடம் அதிர்ந்தது. வர்தா குலவையிட்டாள், எதிர்க் கட்டடத்துப் பெண்கள் பதில் குலவையிட்டார்கள், யாரோ வெடி கொளுத்தினார்கள். ஹதீல் தேறிவிட்டாள். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். வர்தா தட்டு நிறைய மக்ரூத் இனிப்பு கொடுத்தனுப்பினாள். அம்மா அதன் மேல் துணியை மூடி வைத்தாள். தொடவில்லை. எங்கள் வழக்கப்படி அவள்தான் முதல் ஆளாகக் கீழே போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கதவு வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். "அங்க ஆளுங்க இருப்பாங்க, மப்ரூக் இருப்பான்," என்று திரும்பி வந்துவிட்டாள்.

ஹதீல் மேலே வந்து தட்ட ஆரம்பித்தது அதன் பிறகுதான். முதலில் தினமும் வந்தாள். அம்மா திறக்கவில்லை. என்னையும் திறக்க விடவில்லை. பேசுவதை யாராவது கேட்டுவிடுவார்கள் என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வால்வு மாற்றி முடித்த பிறகு, நான் குப்பைப் பையோடு கீழே இறங்கினேன். ஹதீல் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"காலத்திக்கு என்மேல கோவமா?"

"இல்லடி. உடம்பு சரியில்ல."

"பொய் சொல்றீங்க. குளியலறையில தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. உங்க குரல் கேட்டுச்சு. நான் தட்டினதும் பேச்சு நின்னுபோச்சு." நகத்தைக் கடித்தாள். "ஹஸீபா, நான் திருட்டு பாஸா?"

"என்னடி பேச்சு இது?"

"அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மார்க்கை எடுத்துட்டு மிச்சத்தைப் போடச் சொல்ல முடியுமா? நான் கூட்டிப் பாத்தேன். அப்பவும் பாஸ்தான். அல்ஜியர்ஸ்ல ஆங்கிலம் எடுக்கணும்னு ஆசை. ஆனா பதியப் பயமா இருக்கு. காலத்தி ஒரு வார்த்தை சொன்னா பதிஞ்சுடுவேன். நீங்க சொன்னா போதாது. கோவிச்சுக்காதீங்க."

நான் மேலே வந்து அப்படியே சொன்னேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நான் எத்தனையோ வருடமாக அவள் பயத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அவள் முகத்தில் இருந்தது வேறு. தனக்காக இல்லை.

"பதியப் பயமாமா?"

"ஆமா."

"எங்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு," என்றாள்.

மிச்சக் கிழங்குகளையும் சீவி முடித்தாள். கடைசியில், "வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் செய்யறோம் இல்ல? கொஞ்சம் நிறையப் பண்ணு. நானே எடுத்துக்கிட்டு கீழ போறேன். பகல்லயே போறேன். மப்ரூக் பாத்தா பாக்கட்டும்," என்றாள்.

"என்ன சொல்லுவ?"

"நீ நல்லாப் படிச்சே, அதனால எழுதினே, அவ்வளவுதான்னு சொல்லுவேன். தப்பு நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்தது. அதுல உனக்குப் பங்கு இல்லன்னு சொல்லுவேன். போய்ப் பதின்னு சொல்லுவேன்." கத்தியைக் கழுவினாள். "கட்டிப்பேன்."

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மறுநாள் கூஸ்கூஸுக்காகக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள். தலை சுற்றுகிறது என்று படுத்தாள். நான்கு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது எழுப்பப் போனேன்.

மருத்துவர் இதயம் என்றார்.

துக்கம் காத்த மூன்று நாளும் வீடு நிறைய ஆட்கள். மப்ரூக் தன் கடையிலிருந்து காப்பியும் சர்க்கரையும் அனுப்பினார். வர்தா எங்கள் அடுப்பை விட்டு நகரவில்லை. ஹதீல் பாத்திரத் தொட்டியருகே நின்று கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவியதையே கழுவினாள். எல்லாரும் போன பிறகு அவளிடம் சொன்னேன், அம்மா உன்னிடம் வர இருந்தாள், இதைச் சொல்ல இருந்தாள் என்று. அம்மா சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன், ஒன்றும் சேர்க்காமல்.

"நெஜமா சொன்னாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, நான் அழக்கூடாதுன்னு நீங்க சொல்றீங்களா?"

நிஜமாக என்றேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவது போல. எங்கள் குடும்பம் நன்றாகப் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகப் பதிவு இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. ஹதீல் இன்னும் பதியவில்லை. நேற்றும் கேட்டேன், பார்க்கலாம் என்றாள். அம்மா ஒரு மாடி இறங்கி, கதவைத் தட்டி, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அதைச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போவதாக இருந்தாள்.